கட்டடத்துக்குள் ஆளையும் பொருளையும் வயர்லெஸ் சிக்னலால் கண்டறிதல்: மலையகத் தொழிற்சாலைகளும் வைத்தியசாலைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேயிலை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), தோட்ட வைத்தியசாலை, களஞ்சியம் போன்ற இடங்களில் இந்த ஏற்பாட்டைச் செய்ய நினைப்பவர்களுக்கும், செய்துவிட்டு சரிவரவில்லையே என்று தவிப்பவர்களுக்கும் உரிய பதில்கள் இவை.

போனில் ஜிபிஎஸ் இருக்கிறதே, அது போதாதா?

வெளியில் போதும், உள்ளே போதாது. செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு வந்து சேரும் ஜிபிஎஸ் சிக்னலின் வலு ஏறத்தாழ −130 டிபிஎம். டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு. எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க வலு கூடும். ஒரே அறையில் இருக்கும் புளூடூத் டேக்கின் (ஆளிலோ பொருளிலோ மாட்டும், சிக்னல் விடும் சிறு கருவி) சிக்னல் −60, −70 என்று வரும். டிபிஎம் அளவுகளின் வித்தியாசத்தை டெசிபெல் என்பார்கள்; 60 டெசிபெல் வித்தியாசம் என்றால் பத்து லட்சம் மடங்கு. அவ்வளவு மெலிந்த ஜிபிஎஸ் சிக்னல் ஸ்டோரின் தகரக் கூரையைத் தாண்டாது. ஜன்னல் வழியே நுழைவதும் பெரும்பாலும் பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் தெறித்து வருவதுதான். போன் அதை நம்பிக் கணக்குப் போட்டு, உள்ளே நிற்கும் ஆளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டும். பள்ளத்தாக்கில் இருக்கும் தோட்டமென்றால் வானத்தின் பாதியை மலையே மறைத்துவிடும், நிலைமை இன்னும் மோசம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று எப்படித் தீர்மானிப்பது?

எந்தக் கருவி வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும். பெரும்பாலான இடங்கள் தடுமாறுவது இங்கேதான். வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்வதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் அந்தப் புள்ளியைப் பார்த்து யார் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஈசிஜி இயந்திரத்தைத் தேடும் தாதிக்கு அது எந்த வார்டில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். உள்ளே போனால் கண்ணில் படும். ஸ்டோரில் தீப்பிடித்தால் டீ மேக்கருக்கு (தேயிலை உற்பத்திப் பொறுப்பாளர்) தெரிய வேண்டியது எந்த மாடியில் யார் இன்னும் இருக்கிறார் என்பது. ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டரா மூன்று மீட்டரா என்பது அந்த நேரத்தில் எவருக்கும் பயன்படாது.

ஆகவே மூன்று படிகளாக யோசியுங்கள்: எந்தக் கட்டடம், எந்த அறை, அறைக்குள் எந்த இடம். ஒவ்வொரு படி நுணுக்கமாகும்போதும் செலவும் பராமரிப்பும் பல மடங்கு ஏறும். எங்கள் தீர்ப்பு இதுதான்: மலையகத்துத் தொழிற்சாலைக்கும் வைத்தியசாலைக்கும் அறை மட்டத் துல்லியம் போதும்; அதை நம்பகமாகச் செய்வதில்தான் உழைப்பைப் போட வேண்டும். நூறில் தொண்ணூற்றெட்டு தடவை சரியான அறையைச் சொல்லும் ஏற்பாடு, மூன்று மீட்டர் துல்லியம் என்று சொல்லிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் காட்டும் ஏற்பாட்டைவிட எவ்வளவோ மேல்.

சிக்னல் வலுவை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம் என்கிறார்களே?

சூத்திரம் இருக்கிறது:

தூரம் = 10^((ஒரு மீட்டரில் வலு − இப்போது கிடைக்கும் வலு) ÷ (10 × தேய்வு எண்))

ஒரு மீட்டரில் −59 டிபிஎம் தரும் டேக், இப்போது −75 காட்டுகிறது என்று வையுங்கள். தேய்வு எண் என்பது தூரம் கூடக்கூட வலு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் காட்டும் எண்; தடையே இல்லாத வெளியில் அது 2. அப்படியானால் தூரம் 6.3 மீட்டர். இயந்திரங்கள் நிறைந்த அறையில் அந்த எண் 3 வரை போகும். அப்போது அதே −75க்குத் தூரம் 3.4 மீட்டர். எந்த எண்ணைப் போடுவது என்பது அறைக்கு அறை, நேரத்துக்கு நேரம் மாறும். அது போதாதென்று, டேக்கைக் கழுத்தில் போட்டவர், சிக்னலைக் கேட்கும் கருவியான ரிசீவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாலே வலு 10 டெசிபெல்லுக்கு மேல் விழலாம். புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தேய்வு எண் 2 என்று வைத்தால் வெறும் 6 டெசிபெல் பிழையே தூரத்தை இரண்டு மடங்காக்கிவிடும்.

இதனால் புளூடூத் வலுவைத் தூரமாக மாற்றாதீர்கள். எந்த ரிசீவருக்கு அதிக வலுவாகக் கேட்கிறது என்று ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது பேட்டரி தேய்வது போன்ற பிழைகள் எல்லா ரிசீவர்களையும் ஓரளவுக்கு ஒரே திசையில் பாதிப்பதால், அவற்றின் பெரும்பகுதி கழிந்துபோகும்.

தேயிலைத் தொழிற்சாலையில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

மூன்று காரணங்கள். முதலாவது உலோகம். இரும்புத் தூண், தகரச் சுவர், ரோலர், டிரையர் எல்லாம் அலையைத் தெறிக்கச் செய்கின்றன. நேரே வரும் அலையும் தெறித்து வரும் அலையும் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீட்டர், எனவே டேக்கை ஒரு கை அகலம் நகர்த்தினாலே அளவு ஏறி இறங்கும்.

இரண்டாவது, பழைய ஸ்டோர்களின் பலகைத் தளம். கொங்கிரீட் அளவுக்குப் பலகை அலையைத் தடுப்பதில்லை. கீழ் மாடியில் இருக்கும் டேக் மேல் மாடி ரிசீவருக்கு நன்றாகவே கேட்கும்.

மூன்றாவதை மற்ற ஊர்களின் கையேடுகளில் பார்க்க முடியாது: கொழுந்து. பச்சைக் கொழுந்தின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டும் தொட்டி ஒன்றில் 1000 கிலோ கொழுந்து பரப்பியிருந்தால் அதில் 750 லீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. நீளமான ஒரு தண்ணீர்ச் சுவரே அறைக்குள் வந்து படுத்துக்கொண்டது போலத்தான். மாலையில் கொழுந்து வந்து பரப்பியதும் ஒரு நிலை. இரவு முழுக்க வாடி ஈரம் குறைந்தபின் வேறொரு நிலை. விடியற்காலையில் ரோலருக்கு இறக்கி, தொட்டி காலியானதும் மூன்றாவது நிலை. பகலில் காலித் தொட்டியோடு சோதித்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்ட ஏற்பாடு அன்று இரவே தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். சோதனையை இரண்டு தடவை செய்யுங்கள்: காலித் தொட்டியோடு ஒன்று, கொழுந்து அதிகம் வரும் நாளின் இரவில் நிறைந்த தொட்டியோடு ஒன்று. இரண்டிலும் சரியான விடை தரும் ரிசீவர் இடத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வைஃபை இருக்கிறது. அதையே பயன்படுத்த முடியாதா?

முடியும், வரம்போடு. ஒவ்வொரு இடத்திலும் எந்தெந்த வைஃபை கருவி எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்று முன்கூட்டியே அளந்து அட்டவணையாக வைத்துக்கொண்டு, பிறகு போன் காட்டும் அளவை அதோடு ஒப்பிடுவது ஒரு வழி. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரேடார்’ முறை இதுதான். அவர்களுக்கு அலுவலகக் கட்டடத்தில் 2 முதல் 3 மீட்டர் வரையான இடைநிலைப் பிழை (அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) கிடைத்தது. அலுவலகத்தில் மேசைகள் இடம் மாறுவதில்லை. மேலே சொன்ன மாதிரி தினமும் தண்ணீர்ச் சுவர் வந்து போகும் ஸ்டோரில் அந்த அட்டவணை ஒரு நாள்கூடத் தாங்காது. வைத்தியசாலை வார்டுகளுக்கு ஓரளவு பொருந்தும்.

வைஃபை அலை போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் இன்னொரு முறை 802.11எம்சி. அண்ட்ராய்ட் 9 முதல் இதற்கு வசதி உண்டு. நேர்ப்பார்வை இருந்தால், அதாவது இடையில் தடை இல்லாவிட்டால், 1 முதல் 2 மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். ஆனால் போனும் வைஃபை கருவியும் இரண்டுமே இதை ஆதரிக்க வேண்டும். தோட்டங்களில் பொதுவாகப் போட்டிருக்கும் மலிவான ரவுட்டர்களில் இதை எதிர்பார்க்க முடியாது.

ஆட்களின் போனையே டேக்காக வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அண்ட்ராய்ட் 9க்குப் பிறகு ஒரு செயலி திரையில் திறந்திருக்கும்போதுகூட இரண்டு நிமிடத்தில் நான்கு தடவைதான் சுற்றியுள்ள வைஃபையைத் தேட முடியும். பின்னணியில் என்றால் அரை மணிக்கு ஒரு தடவை. ஐபோனில் சாதாரணச் செயலிக்குச் சுற்றியுள்ள வைஃபை பட்டியலே கிடையாது. புளூடூத் முகவரியையும் போன்கள் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்கின்றன, ஆகவே வெளியிலிருந்து போனைக் கேட்டு ஆளை அறிய முடியாது. பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போன் உங்கள் செயலியை நிறுத்திவிடுவது வேறு. தவிர, போன் சொந்தச் சொத்து. வேலைக்காகத் தேடுவதற்குத் தனி டேக் கொடுத்து, வேலை முடிந்ததும் வாசலில் கொழுவிவிட்டுப் போகச் சொல்வதே முறை.

அறை மட்ட ஏற்பாட்டுக்கு என்னென்ன வேண்டும்?

நகரும் பொருளில் அல்லது ஆளிடம் டேக், சுவரில் ரிசீவர், ஏதாவது ஒரு மூலையில் சிறிய கணினி. இவ்வளவுதான்.

டேக்: ஐபீக்கன் (ஆப்பிள் வகுத்த புளூடூத் சிக்னல் வடிவம்) வடிவில் சிக்னல் விடும் எந்தப் புளூடூத் டேக்கும் சரி. ஒரு விநாடிக்கு ஒரு தடவை விடும்படி அமையுங்கள். அனுப்பும் வலு 0 டிபிஎம் வேண்டாம், −4 அல்லது −8 வையுங்கள். வலு குறைந்தால் பக்கத்து அறைக்குக் கேட்பதும் குறையும். அறை பிரித்தறிய அது உதவியே.

ரிசீவர்: ஈஎஸ்பி32 பலகை (வைஃபையும் புளூடூத்தும் உள்ள சிறிய மின்சுற்றுப் பலகை), அறைக்கு ஒன்று. வாட்டும் மாடி 30 மீட்டருக்கு மேல் நீளமென்றால் இரு முனையிலும் ஒவ்வொன்று வைத்து, இரண்டையும் ஒரே அறை என்று மென்பொருளில் எழுதுங்கள். ஈஎஸ்பி32இல் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே ரேடியோ. வைஃபையில் தகவல் அனுப்பும் நேரத்தில் அதற்குப் புளூடூத் கேட்காது. ஒவ்வொரு சிக்னலையும் உடனே அனுப்பாமல், இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தடவை மொத்தமாக அனுப்பினால் இழப்பு குறையும்.

பொருத்தும் இடம்: தரையிலிருந்து 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில், ஆட்களின் தலைக்கு மேலே. தகரத்திலிருந்தும் இரும்புத் தூணிலிருந்தும் குறைந்தது 30 சென்ரிமீட்டர் தள்ளி, ஒரு மரப்பலகைத் துண்டில் பொருத்துங்கள். ஆன்டெனா உள்ள முனை உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பாதி அறைக்குச் செவிடாகிவிடும். இரண்டு அறைக்கு நடுவிலுள்ள வாசலுக்கு மேலே வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இரு பக்கமும் சமமாகக் கேட்கும் அந்த இடம்தான் மிக மோசமான இடம். அறையின் நடுவிலோ வாசலுக்கு எதிர்ச் சுவரிலோ வையுங்கள்.

பெட்டி: பிளாஸ்டிக் பெட்டிதான், இரும்புப் பெட்டி கூடவே கூடாது. சலிக்கும் அறையில் தேயிலைப் பஞ்சு உள்ளே புகும். நொதிக்கும் அறையில் ஈரப்பதம் 90 வீதத்துக்கு மேல் வைத்திருப்பார்கள். தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரப் பெட்டி, கேபிள் நுழையும் துளை கீழ்ப் பக்கம், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். மின்சுற்றுப் பலகையில் ஈரம் காக்கும் வார்னிஷ் பூசினால் இன்னும் நல்லது, ஆன்டெனாவின் மேல் மட்டும் பூசாதீர்கள்.

கணினி: ராஸ்பெரி பை ஒன்று போதும். ரிசீவர்கள் எம்க்யூடிடி (சிறு கருவிகள் தகவல் அனுப்பும் எளிய முறை) வழியாக அனுப்புவதை அது வாங்கித் தீர்ப்புச் சொல்லும். இன்டர்நெட் அறுந்தாலும் வேலை நடக்க வேண்டும் என்பதால் இணையத்தில் உள்ள சேவையை நம்பாமல் உள்ளேயே வையுங்கள்.

ரிசீவர் அடிக்கடி தானாக அணைந்து எரிகிறது. பழுதா?

முதலில் வயரைப் பாருங்கள். 5 வோல்ட்டைத் தொலைவுக்கு அனுப்பியிருப்பார்கள். நெட்வேர்க் கேபிளின் ஒரு கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 84 ஓம் அளவில் தடை உண்டு. 50 மீட்டர் போய்த் திரும்பினால் 8.4 ஓம். ஈஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும் கணத்தில் 0.2 அம்பியருக்கு மேல் இழுக்கும், 1.7 வோல்ட் வயரிலேயே தொலைந்து முனையில் 3.3தான் மிஞ்சும். பலகை மீள ஆரம்பிப்பது அதனால்தான். 12 வோல்ட் அனுப்பி, ரிசீவருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இறக்கு மாற்றி வைத்து 5 வோல்ட் ஆக்குங்கள். பலகையின் மின் உள்ளீட்டில் 470 மைக்ரோஃபரட் கொள்ளளவி (கெப்பாசிட்டர்) ஒன்றையும் போடுங்கள்.

12 வோல்ட் ஆக இருப்பதில் இன்னொரு வசதி: மின்வெட்டுக்கு நேரடியாக பேட்டரி இணைக்கலாம். பத்து ரிசீவர் சராசரியாக 7.5 வாட் எடுக்கும். 12 வோல்ட் 7 அம்பியர்மணி பேட்டரியில் 84 வாட்மணி. அதில் 70 வீதத்தைத்தான் பயன்படுத்தலாம், மாற்றியில் கொஞ்சம் போகும். மிஞ்சும் 50 வாட்மணியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஜெனரேட்டர் ஏறுவதற்குள் எல்லாம் அணைந்துவிடும் என்ற கவலை வேண்டாம். ஆனால் ரவுட்டரையும் ராஸ்பெரி பையையும் அதே பேட்டரிக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

வைத்த பிறகு எப்படிச் சோதிப்பது?

ஒரு டேக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு அறையின் நடுவில் நில்லுங்கள். நான்கு திசைக்கும் திரும்பி, திசைக்கு 60 விநாடி. பிறகு நான்கு மூலையிலும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு ரிசீவருக்கும் கிடைத்த வலுவின் இடைநிலை மதிப்பைக் குறியுங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஓரிரண்டு தாறுமாறான அளவுகள் அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது சொந்த அறை ரிசீவரின் அளவிலிருந்து அடுத்த அறை ரிசீவரின் அளவைக் கழியுங்கள். 8 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த அறை பிரச்சினை தராது. 4க்கும் 8க்கும் இடையில் என்றால் ரிசீவரை இடம் மாற்றிப் பாருங்கள். 4க்குக் கீழே என்றால் நேர்மையான வழி, அந்த இரண்டு அறையையும் ஒரே பகுதியாகப் பெயரிட்டுவிடுவது. இடையில் வெறும் பலகைத் தடுப்பு மட்டும் இருக்கும் இடத்தை இரண்டாகக் காட்ட முயன்று மாதக் கணக்கில் தலையை உடைப்பதில் அர்த்தமில்லை.

ஆள் அசையாமல் நிற்கிறார், திரையில் இரண்டு அறைக்கு இடையில் தாவிக்கொண்டே இருக்கிறார்.

ஒவ்வொரு சிக்னலுக்கும் உடனே தீர்ப்புச் சொல்வதால் வரும் கோளாறு. புளூடூத் டேக் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று சானலில் மாறி மாறி விடுகிறது. (வைஃபையின் 1, 6, 11ஆம் சானல்களோடு மோதாமல் இருக்கத்தான் இந்த இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன, ரவுட்டரை 3இலோ 4இலோ வைத்து அதைக் கெடுக்காதீர்கள்.) தெறிப்பு ஒவ்வொரு சானலுக்கும் வேறு மாதிரி என்பதால், டேக் அசையாமல் இருந்தாலும் அளவு பல டெசிபெல் ஆடும்.

மருந்து இரண்டு. ஒன்று, கடைசி 8 முதல் 10 விநாடி அளவுகளின் இடைநிலையை எடுப்பது. மற்றது, அறையை மாற்றத் தயங்குவது: புதிய அறையின் வலு பழையதைவிட 5 டெசிபெல்லாவது கூடுதலாக, தொடர்ந்து மூன்று தடவை இருந்தால்தான் மாற்ற வேண்டும். இதனால் ஆள் அறை மாறியபின் திரை மாற 15 முதல் 20 விநாடி ஆகும். தேடுவதற்கு அந்தத் தாமதம் ஒன்றும் செய்யாது. கதவு திறப்பது போன்ற வேலைக்கு இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தக் கூடாது.

அறை சரி, மாடிதான் தவறுகிறது. என்ன செய்வது?

பலகைத் தளத்தில் இது வரும். முதலில், மேல் மாடி ரிசீவரும் கீழ் மாடி ரிசீவரும் நேருக்கு நேர் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எதிர் எதிர் மூலைக்கு மாற்றினாலே பாதி தீரும். கீழ் மாடி ரிசீவரைக் கூரையோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் இறக்குங்கள். மேலே நடப்பவருக்கு அது வெகு அருகில் இருக்கிறது.

அப்படியும் தீராவிட்டால் காற்றழுத்த உணரி உள்ள டேக் வாங்கலாம். கடல் மட்டத்துக்கு அருகில் ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல் குறையும். நுவரெலியா போல 1900 மீட்டருக்கு அருகிலுள்ள உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அங்கே 10 பாஸ்கல்தான். நான்கு மீட்டர் மாடிக்கு 40 பாஸ்கல். பிஎம்பி280 உணரியின் ஒப்பீட்டுப் பிழை 12 பாஸ்கல், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூட. மாடி பிரிக்கப் போதும். ஆனால் இலங்கையில் வளியழுத்தம் தினமும் இரண்டு தடவை தானாக ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கணக்கான பாஸ்கல். ஆகவே தரைத்தளத்தில் அசையாத உணரி ஒன்றை வைத்து அதிலிருந்து வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். வாட்டும் தொட்டியின் பெரிய விசிறி ஓடும்போதும் மூடிய மாடியில் அழுத்தம் மாறும். விசிறி ஓடும் நேரத்தில் தனியாக அளந்து திருத்தம் போட வேண்டும்.

எத்தனை டேக் வரை தாங்கும்?

ஒரு ஐபீக்கன் சிக்னல் காற்றில் 0.37 மில்லிவிநாடி இருக்கும். ஒரே இடத்தில் 200 டேக் விநாடிக்கு ஒரு தடவை விட்டால் ஒரு சானலில் 7.4 வீத நேரம் நிரம்பும். மோதி அழிவது ஏறத்தாழ 14 வீதம். பத்து விநாடி இடைநிலைக்கு இது ஒரு பொருட்டல்ல. அதே 200 டேக்கை விநாடிக்குப் பத்து தடவை விடும்படி வைத்தால் முக்கால் பங்குக்கு மேல் அழிந்துபோகும். அடிக்கடி விட்டால் நன்றாகக் கேட்கும் என்ற எண்ணம் கூட்டத்தில் எடுபடாது.

அரை மீட்டருக்குள் துல்லியம் உண்மையிலேயே வேண்டுமென்றால்?

அல்ட்ரா வைட்பேண்ட், சுருக்கமாக யுடபிள்யூபி. இது வலுவைப் பார்ப்பதில்லை, அலை வந்து சேரும் நேரத்தை அளக்கிறது. ஏறத்தாழ 500 மெகாஹெர்ட்ஸ் அகலமான, மிகக் குறுகிய துடிப்புகள் என்பதால் நேரே வந்த அலையையும் தெறித்து வந்ததையும் பிரித்தறிய முடிகிறது. நேர்ப்பார்வையில் 10 சென்ரிமீட்டர் அளவில் துல்லியம் சாத்தியம். ஃபோர்க்லிஃப்ட் ஆளை நெருங்கும்போது எச்சரிப்பது போன்ற வேலைக்கு இதுதான் பொருத்தம்.

கவனிக்க வேண்டியவை: ஒரு நானோவிநாடிப் பிழை 30 சென்ரிமீட்டர். எனவே ஒவ்வொரு யுடபிள்யூபி பலகையின் ஆன்டெனாத் தாமதத்தையும் (அலை ஆன்டெனாவையும் சுற்றையும் கடக்கும் நேரம்) தனித்தனியாகத் திருத்த வேண்டும். அளவு நாடாவால் சரியாக 5.00 மீட்டர் வைத்து, ஆயிரம் அளவுகள் எடுத்து, சராசரி 5.00 வரும்வரை திருத்துங்கள். ஒற்றை வழிக் கேள்வி-பதில் முறையில், இரு பலகையின் கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்து, பதிலுக்கு ஒரு மில்லிவிநாடி எடுத்தால் பிழை 3 மீட்டர் வரை போகும். இரு பலகையும் மாறி மாறிக் கேட்டு அளக்கும் இரட்டை வழி முறை இதைப் போக்கிவிடும், அதையே எடுங்கள். ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தும் பலகைகள் குறைந்தது நான்கு வேண்டும், அறையின் மூலைகளில், ஒரே நேர்கோட்டில் அல்லாமல். ரோலருக்குப் பின்னால் ஆள் போனால் நேர் அலை மறைந்து, தெறித்த அலையின் நீண்ட பாதைதான் கிடைக்கும். தூரம் எப்போதும் கூடுதலாகவே காட்டும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பலகையாவது நேரே தெரியும்படி கூடுதல் பலகைகள் போட வேண்டியிருக்கும். செலவு ஏறுவது அங்கேதான்.

வாங்குவதற்கு முன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அந்தக் கருவிக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். சுங்கத்தில் நின்றபிறகு கேட்பது வீண் அலைச்சல்.

வைத்தியசாலைக் கருவிகளுக்கு இந்தச் சிக்னலால் பாதிப்பு வராதா?

0 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட். பார்வையாளர் பையிலிருக்கும் போன் இதைவிடப் பல நூறு மடங்கு வலுவாக அனுப்பக்கூடியது. ஆனாலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் உயிர்மருத்துவப் பொறியியலாளரின் சம்மதம் இல்லாமல் எதையும் பொருத்தாதீர்கள்.

சக்கர நாற்காலி, ஒக்சிஜன் கருவி போன்றவற்றில் டேக்கை உலோகச் சட்டத்தோடு ஒட்டினால் தூரம் வெகுவாகக் குறையும். ஒரு சென்ரிமீட்டர் தடிப்பான நுரைத் துண்டை இடையில் வைத்து ஒட்டுங்கள். கிருமிநாசினியால் துடைக்கும் இடம் என்பதால் ஒட்டுநாடாவோடு கேபிள் டையும் போடுங்கள்.

தேயிலைப் பொதிகளுக்கும் இதே டேக்தானா?

இல்லை. பொதி ஒவ்வொன்றுக்கும் பேட்டரி டேக் கட்டாது. வாசலில் ஒரு ஆர்எஃப்ஐடி ரீடர் (ரேடியோ அலையால் ஸ்டிக்கரை வாசிக்கும் கருவி) வைத்து, பொதியில் பேட்டரி இல்லாத ஸ்டிக்கர் ஒட்டி, எது எப்போது வாசலைத் தாண்டியது என்று எழுதிக்கொண்டால் போதும். உள்ளே அலுமினியத்தாள் இருக்கும் பொதிக்கு உலோகத்துக்கென்று செய்த ஸ்டிக்கர் வேண்டும்.

மண்சரிவில் புதைந்தவரை இதனால் கண்டுபிடிக்க முடியுமா?

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை மறக்காதவர்கள் இதைக் கேட்பது நியாயம். பதில்: முடியாது. ஈரமண் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மிகக் குறைந்த ஆழத்திலேயே உறிஞ்சிவிடும். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவிகள் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த அலைவரிசையைப் பயன்படுத்துவதற்குக் காரணமே இதுதான். அவையும் பனிக்காகச் செய்யப்பட்டவை, ஒவ்வொருவரும் அணிந்திருக்கவும் வேண்டும். புளூடூத் ஏற்பாடு தரக்கூடியது ஒன்றே: மின்சாரம் அறுவதற்கு முன் வேலையில் இருந்த யாருடைய டேக் எந்த அறையில் கடைசியாகக் கேட்டது என்ற பட்டியல். அந்தப் பட்டியல் கட்டடத்துக்கு வெளியேயும் ஒரு பிரதி இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை தோட்ட அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். எச்சரிக்கை வந்தால் வெளியேறுவதற்கு இது எந்த வகையிலும் மாற்றாகாது.

இடிமின்னலில் கருவிகள் போய்விடுகின்றனவே?

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையில் இது வழமை. கட்டடத்துக்குக் கட்டடம் செப்புக் கேபிள் இழுத்திருந்தால், பக்கத்தில் மின்னல் விழும்போது இரு கட்டடத்தின் நிலமட்ட மின்னழுத்தமும் வேறுபட்டு, அந்த வித்தியாசம் கேபிள் வழியே கருவிக்குள் பாயும். கட்டடங்களுக்கு இடையில் ஃபைபர் அல்லது வைஃபை இணைப்பு மட்டும் வையுங்கள். உள்ளே 12 வோல்ட் வழியில் மின்னெழுச்சிக் காப்பும் நல்ல நிலத்தொடுப்பும் வேண்டும்.

ஆட்களுக்கு டேக் கொடுப்பது சட்டப்படி சரியா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தகவல்களில் இருப்பிடத் தரவும் சேர்ந்திருக்கிறது. எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார், எப்போது அழிப்போம் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் வாசலில் ஒட்டுங்கள். டேக் கொடுக்கும் முன் தொழிற்சங்கத் தலைவர்களோடு பேசி, திரையைக் காட்டி விளக்குங்கள். மலசலகூடம், உடை மாற்றும் அறை, பிள்ளை மடுவம் (குழந்தைப் பராமரிப்பு இடம்) ஆகியவற்றில் ரிசீவர் கூடாது. அவசர வெளியேற்றத்துக்கு என்று சொல்லி எடுத்த தரவை, யார் எத்தனை நிமிடம் தேநீர் குடிக்கப் போனார் என்று கணக்குப் பார்க்கப் பயன்படுத்துவது நம்பிக்கைத் துரோகம். ஒரு தடவை அப்படி நடந்தால் டேக்குகள் அடுத்த நாளே லாச்சிக்குள் போய்விடும், தீப்பிடிக்கும் நாளில் பட்டியல் பொய் சொல்லும். அவசரத் தேவைக்கு 24 மணி நேரத் தரவு போதும். அதற்கு மேல் வைக்காதீர்கள்.

டேக் பேட்டரியை எப்போது மாற்றுவது?

சிஆர்2032 பேட்டரியில் ஏறத்தாழ 225 மில்லிஅம்பியர்மணி இருக்கும். விநாடிக்கு ஒரு தடவை விடும் டேக் சராசரியாக 15 மைக்ரோஅம்பியர் எடுத்தால் 15,000 மணி நேரம், அதாவது 20 மாதம். நுவரெலியாக் குளிரில் பேட்டரியின் உள்தடை கூடி, அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரியும். கணக்கில் வரும் காலம் முழுக்க ஓடாது. 14 மாதத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியை டேக்கின் பின்பக்கம் அழியாத மையால் எழுதுங்கள். பேட்டரி காட்டும் வீதக் கணக்கை நம்ப வேண்டாம். இந்த வகைப் பேட்டரி கடைசிவரை 3 வோல்ட்டுக்கு அருகில் நின்று, பிறகு சட்டென்று விழும். அதைவிட, 24 மணி நேரமாக எந்த ரிசீவருக்கும் கேட்காத டேக்குகளின் பட்டியலைத் தினமும் காலைப் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் கூடல்) முன் கணினியே அச்சிடும்படி வையுங்கள். செத்த பேட்டரியும் காணாமல்போன டேக்கும் அதில் சேர்ந்தே வந்துவிடும்.